அலாஸ்காவின் பனியில் ஒரு பேசும் படம்

ஹாலிவுட்டில் பேசும் படம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், எம்ஜிஎம் நிறுவனம் இயக்குநர் டபிள்யூ. எஸ். வான் டைக்கையும் அவருடைய குழுவையும் 'நனுக்' என்ற பாய்மரக் கப்பலில் அலாஸ்காவுக்கு அனுப்பி, டெல்லர் என்ற கடலோரச் சிற்றூரில் தங்கவைத்து எடுத்த படம்தான் 1933இல் வெளியான 'எஸ்கிமோ'. டேனிஷ் பயணி பீட்டர் ஃப்ராய்ஷனின் நூல்களைத் தழுவிய கதை இது. கொடிய கப்பல் தலைவனாக அவரே நடித்திருக்கிறார். நாயகன் ரே மாலா, அலாஸ்காவின் இனுபியாக் பழங்குடியைச் சேர்ந்த தாய்க்கு அங்கேயே பிறந்தவர்.

பழங்குடிப் பாத்திரங்கள் தங்கள் மொழியிலேயே பேச, ஆங்கிலப் பொருள் மௌனப் படங்களில் வருவதுபோல் எழுத்து அட்டைகளாக இடையிடையே வருவதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. திமிங்கல வேட்டைக் காட்சிகளின் வேகத்தைப் பார்த்தால், படத்தொகுப்புக்கான முதல் ஆஸ்கர் கான்ராட் நெர்விக்குக் கிடைத்ததில் வியப்பில்லை. கதையின் பிற்பகுதி மட்டும் சற்று நாடகத்தனமானது.

ஒளிப்பதிவாளர் கிளைட் டி வின்னாவுக்கு அமெச்சூர் வானொலியில், அதாவது பொழுதுபோக்காகச் சொந்த வானொலிக் கருவி வழியே தொலைவில் உள்ளவர்களோடு தொடர்புகொள்வதில், தீராத ஆர்வம். டெல்லரில் அவர் புள்ளியும் கோடுமான மோர்ஸ் குறிகளில் உரையாடிக்கொண்டிருந்தபோது, அடுப்பிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடால் மயங்கத் தொடங்கினாராம். குறிகள் தடுமாறுவதை நியூசிலாந்திலிருந்து கேட்ட நண்பர் ஹவாய் வழியாக அலாஸ்காவுக்குத் தகவல் அனுப்ப, உள்ளூர்க்காரர்கள் ஓடிவந்து அவரைக் காப்பாற்றினார்கள் என்கிறார்கள். இதையே தனிப் படமாக எடுத்திருக்கலாம்!