ஓடூ மெனுவில் இணையத்தள இணைப்புகளைச் சேர்த்த அனுபவம்

கிளிநொச்சியில் எங்கள் நெல் ஆலையின் கொள்வனவு, களஞ்சியம், கணக்கு ஆகிய மூன்றையும் ஓடூ என்ற வணிக நிர்வாக மென்பொருளில்தான் பார்க்கிறோம். ஆனால் நெல்லைக் காயப்போடுவதற்கு முன்னர் வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிக்கையையும், விலை பேசுவதற்கு முன்னர் ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் வெளியிடும் சந்தை விலைகளையும் பார்த்தாக வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கும் வரிக்கும் வேறு தளங்கள் உள்ளன. ஒவ்வொரு முறையும் கூகுளில் தேடி, முதலில் வருவதை அழுத்தி உள்ளே போகும் பழக்கம் எனக்குக் கவலையளித்தது. வங்கித் தளத்தைப் போன்ற போலித் தளத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட அந்த ஓர் அழுத்தலே போதும். உலாவியில் குறித்து வைப்பதும் அந்தக் கணினியோடு நின்றுவிடும். ஆகவே சரியான முகவரிகளை ஓடூவின் மெனுவிலேயே வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

இதற்கு நிர்வாகி உரிமையும், செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் உள்ள டெவலப்பர் மோடை (மென்பொருளின் உள்ளமைப்பை மாற்ற உதவும் நிலையை) செயற்படுத்துவதும் அவசியம். அதன் பின்னர் டெக்னிக்கல் என்ற பகுதி தோன்றும். அதில் மெனு ஐட்டம்ஸ் என்பதைத் திறந்து புதிய பதிவொன்றைத் தொடங்கினேன். பெயரைத் தமிழிலேயே, ‘இன்றைய வானிலை’ என்று இட்டேன். எந்த மெனுவின் கீழ் வர வேண்டும் என்பதையும் அங்கேயே தெரிவு செய்ய வேண்டும். அதை வெறுமையாக விட்டால் அது தனிச் செயலியாக முதற்பக்கத்தில் போய் நிற்கும். செயல் என்ற இடத்தில் யு.ஆர்.எல். (இணைய முகவரி) வகையைத் தெரிவு செய்து, முகவரியை எழுதி, புதிய சாளரத்தில் திறக்குமாறு அமைத்தேன். இந்த இறுதித் தெரிவை நான் மிகவும் வலியுறுத்துவேன்: அதே சாளரத்தில் திறந்தால், நெல் வரவைப் பதிந்துகொண்டிருப்பவரின் திரை மாறிப்போய், மெதுவான இணைப்பில் மீண்டும் வருவதற்கே நேரம் பிடிக்கும். முகவரியை ‘எச்.டி.டி.பி.எஸ்.’ என்பதிலிருந்து முழுமையாக எழுதுவதும் முக்கியம். அதை விட்டால் ஓடூ அதனைத் தன் சேவையகத்தின் உட்பக்கமாகக் கருதி, பக்கம் இல்லை என்று சொல்லிவிடும். சேமித்ததும் மெனு உடனே தெரியாது. பக்கத்தை ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

எல்லா இணைப்புகளையும் ‘இணைப்புகள்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் குவிக்கலாம் என்று அலுவலகத்தில் ஆலோசனை வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. விலைத் தகவல் கொள்வனவு மெனுவிலும், வானிலை களஞ்சிய மெனுவிலும் இருந்தால்தான், வேலையின் நடுவில் கை தானாக அங்கே போகும். சேமலாப நிதி, வரி, வங்கி ஆகிய மூன்றையும் கணக்கு மெனுவில் வைத்து, கணக்குப் பகுதிக் குழுவுக்கு மட்டும் தெரியுமாறு செய்தேன். மெனுவை மறைப்பது பாதுகாப்பு ஆகாது. தளத்தின் கடவுச்சொல்தான் பாதுகாப்பு. ஆயினும் தராசடியில் நிற்கும் தம்பிக்கு வங்கி இணைப்பு தேவையில்லை என்பதால் அது அவருடைய மெனுவில் இல்லை. உள்நுழைந்த பின் தோன்றும் நீண்ட முகவரியை ஒருபோதும் இடக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தேன். தளத்தின் முகப்பு முகவரியே போதுமானது.

மென்பொருளுடன் வரும் மெனுக்களைத் திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் அவை பழையபடி ஆகிவிடக்கூடும். அதனால் அவற்றில் கைவைக்காமல் எல்லாவற்றையும் புதிய பதிவுகளாகவே சேர்த்தேன். ஒரு தளத்தின் முகவரி மாறும்போது அந்தப் பதிவில் மாற்றினால் போதும், எல்லாக் கணினிகளிலும் அது மாறிவிடுகிறது.