குளிசையா, தண்ணியா, கச்சான் காற்றா?

எனக்குப் பித்தக்குழாய் வருத்தம், ஈரலுக்குள் இருக்கிற சின்னப் பித்தக்குழாய்கள் மெல்ல மெல்லக் கெடுகிறது. பி.பி.சி. (PBC) என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும். நடுத்தர வயதுப் பெண்களுக்குத்தான் கூடுதலாக வருமாம். இரவில் உள்ளங்கை, உள்ளங்கால் கடியோடு (அரிப்போடு) தொடங்கியது. மருந்து உர்சோடியோக்சிகோலிக் அமிலம். உடல் நிறையில் கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. என் 55 கிலோவுக்கு நாளுக்கு 750 மில்லிகிராம், 250 குளிசை மூன்று.

ஈரல் கணக்குகள் மெதுவாக இறங்கின. ஆனால் அடுத்த இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, 1.4 என்று வந்தது. தொடங்குமுன் எடுத்தது 0.9.

வன்னியில் கிரியேட்டினின் ஏறினால் ஆளுக்கொரு நியாயம் வரும். வவுனியாப் பக்கம், அதற்கு அங்கால் பதவியா, மதவாச்சி என்று காரணம் தெரியாத சிறுநீரக வருத்தத்தில் எத்தனை விவசாயிகள் விழுந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா கிணற்றுத் தண்ணி என்றார். மகள், "அம்மா, அந்தக் குளிசையை விட்டிடுங்கோ" என்றாள்.

நான் விடவில்லை. பழைய முடிவுகளையும் குடிக்கிற எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் முதலில் கேட்டது நோ மாத்திரையைப் பற்றி. டைக்குளோபெனக் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். நான் எடுப்பது பனடோல் மட்டும். அடுத்த கேள்வி, வயிற்றால் போகிறதா? போனது. இந்த மருந்துக்கு அதுதான் பேர்பெற்ற பக்க விளைவு. அதுவும் கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கிற காலம், இரணைமடுக் குளத்துக்குக் கீழே சிறுபோக நெல் வெட்டு. வேர்வையாலும் வயிற்றாலும் தண்ணி போக, சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையும், கிரியேட்டினின் ஏறும்.

"குளிசை நேரே கிட்னியை அடிக்கிறதில்லை அம்மா. அது ஈரலுக்குப் போய், பித்தத்தோட குடலுக்கு வந்து, மலத்தோடதான் கூடுதலா வெளியேறும். சிறுநீரில போறது கொஞ்சம்" என்றார். ஆனாலும் அக்கா சொன்ன கிணற்றுத் தண்ணியைத் தள்ளிவிடவில்லை. சிறுநீரில் புரதம் பார்த்தார்கள், இல்லை. அது இல்லை என்பதால் மட்டும் தப்பினோம் என்று நினைக்கக் கூடாதாம். எங்கள் பக்கத்துச் சிறுநீரக வருத்தம் தொடக்கத்தில் புரதத்தைப் பெரிதாகக் காட்டாது. அதனால் ஸ்கானும் செய்தார்கள். சிறுநீரகங்கள் சாதாரண அளவில் இருந்தன.

சரி, செய்தது இவ்வளவுதான். ஒரேயடியாக இரவில் விழுங்கியதை மூன்று வேளையாகப் பிரித்துச் சாப்பாட்டோடு எடுத்தேன். வயிற்றால் போன நாட்களில் ஜீவனி, தண்ணியில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள். வெயிலில் நின்றால் தாகம் வரும்வரை காத்திராமல் தண்ணி. திரும்ப எடுத்தபோது 1.0.

அதோடு விடவில்லை, 3 மாதத்துக்கு மேலும் குறையாமல் நின்றால்தான் நாட்பட்ட வருத்தம் என்று சொல்வார்களாம். அதனால் பிறகும் ஒருமுறை பார்த்தோம், ஏறவில்லை. குளிசை தொடங்கப் போகிறவர்கள் ஈரல் கணக்குகளோடு கிரியேட்டினினையும் முதலே எடுத்து வைக்கக் கேளுங்கள். என்னிடம் அந்த 0.9 இல்லாவிட்டால், 1.4 எப்போது ஏறியது என்று யாருக்கும் சொல்லத் தெரிந்திராது. கடி மட்டும் இன்னும் முழுதாக விடவில்லை. அதற்கு வேறு மருந்து பார்க்கிறார்கள்.