ஓன் நுட்டிலிருந்து தாவ் கனோங் வரை

அக்டோபர் 5, 2023

பாங்காக்கில், ஓன் நுட் விடுதியிலிருந்து என் கணவர் படுத்திருக்கும் தாவ் கனோங் பக்கத்து மருத்துவமனைக்கு டாக்சியில் போவதற்கு ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம். திரும்புவதற்கு 26 நிமிடம்.

அக்டோபர் 6

மாலை நான்கு மணிக்கு ஓன் நுட் முனையில் நின்று ஆறு டாக்சிகளை நிறுத்தினேன். ஆறு பேரும் கண்ணாடியை இறக்கி, நான் இடத்தைச் சொல்லி முடிப்பதற்குள் "ஸோங் ரோத்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இரவில் வரவேற்பு மேசைப் பெண்ணிடம் கேட்ட பிறகுதான் அதன் பொருள் தெரிந்தது: வண்டியைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பதாம். இங்கே ஓட்டுநர்களில் பலர் வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்கள். பிற்பகல் சாயும் வேளையில் ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் வண்டி கைமாறுகிறது. அந்த நேரத்தில் ஆற்றைத் தாண்டி, மருத்துவமனை இருக்கும் தோன்புரிப் பக்கம் போகிறவர் நெரிசலில் மாட்டிக்கொண்டு திரும்பி வர முடியாமல் போகலாம். அவர்கள் மேல் கோபப்பட நியாயம் இல்லை என்று இப்போது எழுதுகிறேன். ஆனால் ஆறு மணியோடு பார்வையாளர் நேரம் முடிந்துவிடும் என்ற நினைப்போடு தெருமுனையில் நின்றபோது அழுகைதான் வந்தது.

இனி மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும்.

அக்டோபர் 7

முன்கண்ணாடியில் ஒரு சின்னப் பலகை சிவப்பாக எரிந்தால் வண்டி காலியாக இருக்கிறது. அதில் எழுதியிருக்கும் சொல் "வாங்" என்று அறிந்த பிறகு, இரவில் தூரத்திலிருந்து அது மின்னும்போதெல்லாம் யாரோ "வாங்க" என்று கூப்பிடுவதுபோலவே இருக்கிறது. வண்டியை நிறுத்தக் கையை உயர்த்தி ஆட்டத் தேவையில்லை. தாழ நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி விரல்களை மெல்ல அசைத்தால் போதும். தெருமுனையில் ஒரு மூதாட்டி செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

அவர் இன்று கண் திறந்தாராம். நான் அப்போது பாலத்தின் மேல் இருந்தேன்.

அக்டோபர் 8

மருத்துவமனையின் பெயரையும் அதற்குப் போகும் வழியையும் செவிலியர் ஒருவர் அவர்கள் எழுத்தில் எழுதித் தந்த சீட்டை இன்று கடையில் கொடுத்து நான்கு படிகள் எடுத்துக்கொண்டேன். பெயரை எத்தனை முறை சொல்லிப் பழகினாலும் என் வாயில் அது வேறு ஏதோ சொல்லாக மாறிவிடுகிறது. இந்த மொழியில் ஒலியின் ஏற்ற இறக்கம் ஐந்து வகை, ஒன்று பிசகினாலும் ஓட்டுநர் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறார். சீட்டைக் கொடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. வயதானவர்கள் அதை வாங்கி, கையை முழுவதும் நீட்டித் தூரமாகப் பிடித்து, உதடுகள் அசைய ஒவ்வோர் எழுத்தாகப் படித்து, கடைசியில் "ஓ" என்று நீட்டிச் சொல்லி மீட்டரை அழுத்துகிறார்கள். அந்த "ஓ" வரும் வரைக்கும் நான் மூச்சுவிடுவதில்லை.

இரண்டு படிகள் கைப்பையில், ஒன்று கடவுச்சீட்டுக்குள், ஒன்று தலையணைக்கடியில்.

அக்டோபர் 9

அதே காய்ச்சல். 1 மணி 15 நிமிடம்.

அக்டோபர் 11

இரவில் அழைத்தால் எப்படிப் போவேன்?

மூன்று நாட்களாக இந்த ஒரே கேள்விதான் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பகலில் போகும் வழியெல்லாம் எனக்கு மனப்பாடம்: சுகும்வித் சாலையின் 62-ஆம் சோய், அதாவது கிளைத்தெரு, அருகே விரைவுச்சாலையில் ஏற வேண்டும், சுங்கச்சாவடியில் 50 பாத்தை ஓட்டுநர் கையில் நான் கொடுக்க வேண்டும், கீழே குளோங் தேய் துறைமுகத்தின் சரக்குப் பெட்டிகள் அடுக்கடுக்காகத் தெரியும், பிறகு சாலை வளைந்து ஒன்பதாம் ராமா பாலத்தில் ஏறி, சாவ் பிரயா ஆற்றைக் கடந்து, தாவ் கனோங்கில் தரைக்கு இறங்கும். ஆனால் இதெல்லாம் வண்டி ஓடினால்தான். நேற்று மழை கொட்டியபோது சோய்க்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. முனை வரை நடந்து போவதற்குள் செருப்பு ஒன்று போய்விட்டது. பெருஞ்சாலையில் சிவப்புப் பலகை ஒன்றுகூட எரியவில்லை. கைப்பேசிச் செயலியில் வண்டி தேடித் தேடி வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் அழைப்பு வந்திருந்தால்?

வரவேற்புப் பெண் எனக்கு ஆறுதலாக ஒன்றைச் சொன்னாள். இந்த ஊர்ப் போக்குவரத்துக் காவலர்களில் ஒரு பிரிவினர் நெரிசலில் சிக்கிய வண்டிக்குள்ளேயே பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்களாம். மோட்டார் சைக்கிளில் வந்து வழியையும் விலக்கிக் கொடுப்பார்களாம். பிறக்கப்போகும் குழந்தைக்கு வழிவிடுவார்கள். படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிற என்னை அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அவளிடம் இதைச் சொல்லவில்லை. இரவு முழுவதும் உடுத்திய சேலையோடு படுக்கிறேன். செருப்பு வாசலைப் பார்த்து இருக்கிறது.

அக்டோபர் 13

24 நிமிடம்! இன்று விடுமுறை, 2016-ஆம் ஆண்டு இதே நாளில் மறைந்த ஒன்பதாம் ராமா மன்னரின் நினைவு நாள். அவருடைய அறுபதாவது பிறந்த நாளை ஒட்டி 1987-இல் திறந்து அவர் பெயரையே வைத்த பாலத்தின் மேல் வண்டி தங்குதடையின்றிப் பறந்தது. நடுவில் உயர்ந்து நிற்கும் தூண்களிலிருந்து இறங்கும் கம்பிவடங்களை இத்தனை நாளும் நின்று நின்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, இன்று அவை விசிறியைப் போல விரிந்து மடங்கியதைப் பார்க்கக் கண்கள் போதவில்லை. பக்கத்திலேயே இன்னொரு பாலம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் என் விரலைப் பிடித்தார். இரண்டு முறை.

அக்டோபர் 14

இல்லை, அது வெறும் அனிச்சையாகவும் இருக்கலாம் என்றார்கள்.

அக்டோபர் 16

தடாகம் போல நின்றது சாலை. மீட்டரில் முதல் கிலோமீட்டருக்கு 35 பாத். வண்டி ஊர்ந்தாலோ நின்றாலோ நிமிடத்துக்கு 3 பாத். முக்கால் மணி நேரம் நின்றதற்கு ஓட்டுநருக்குக் கிடைத்தது 135 பாத். அதற்குள் அவர் ஒரு முறைகூட ஒலிப்பானைத் தொடவில்லை. சுற்றி நின்ற நூற்றுக்கணக்கான வண்டிகளிலும் யாரும் தொடவில்லை. முதல் நாட்களில் இந்த அமைதி எனக்கு இரக்கமில்லாததாகத் தோன்றியது. இன்று அதில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

அந்த வண்டியின் உட்கூரையில், ஓட்டுநரின் தலைக்கு நேர் மேலே, வெள்ளைச் சாந்தால் எழுதிய யந்திரம் ஒன்று இருந்தது. துறவி ஒருவர் எழுதிக் கொடுத்தது என்று கைகூப்பிக் காட்டினார். விரல் நுனியால் வைத்த புள்ளிகள். ஒவ்வொன்றிலும் ரேகை தெரிந்தது. கண்ணாடியில் தொங்கிய மல்லிகைச் சரம் வாடி, நுனி மட்டும் பழுப்பேறி, வண்டி நகரும்போதெல்லாம் லேசாகத் திரும்பியது. அது திரும்பினால் நாங்கள் நகர்கிறோம். முக்கால் மணி நேரமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பச்சையும் மஞ்சளுமாக இருந்த வண்டி அது. அப்படி இரு நிறத்தில் இருப்பவை ஓட்டுநரின் சொந்த வண்டிகள் என்று தெரிந்துகொண்டேன். அவர்கள் "ஸோங் ரோத்" சொல்ல வேண்டியதில்லை.

அக்டோபர் 17

மழை. மீட்டர் போடாமல் 500 பாத் கேட்டவரிடம் மறுபேச்சுப் பேசாமல் ஏறினேன். பேரம் பேசும் நிலையில் நான் இல்லை என்பதை என் முகத்தில் படித்துவிட்டுத்தான் அந்தத் தொகையைக் கேட்டார் என்பது வழி முழுவதும் உறுத்தியது. மீட்டர் போட்டிருந்தால் சுங்கத்தோடு சேர்த்தும் அதில் பாதிதான் வந்திருக்கும்.

அக்டோபர் 20

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்!

குழாய் எடுத்துவிட்டார்கள். பேச முயன்றார், குரல் வரவில்லை. நான் எப்படித் தினமும் வருகிறேன் என்று கையால் கேட்டார். டாக்சியில் என்றேன். சோய் எண்களில் ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப்பக்கம் என்பதையும், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்பதையும், 55-ஆம் சோய்க்கு எதிரே 38 இருக்கிறது என்பதையும், முதல் வாரம் இது தெரியாமல் சாலையின் தவறான பக்கத்தில் இறங்கிப் பாலம் ஏறித் தவித்ததையும் சொல்லிக்கொண்டே இருந்தேன். கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார்.

அக்டோபர் 22

அடுத்த வாரம் அழைத்துப் போகலாமாம், சக்கர நாற்காலியில். மகள் தொலைபேசியில், "அம்மா, டாக்சியில் அப்பாவை எப்படிக் கூட்டிக்கொண்டு போவீர்கள்?" என்று கேட்டாள்.

அதை நான் யோசிக்கவே இல்லை. திரும்பும்போது வந்த வண்டியின் டிக்கியைத் திறந்து காட்டச் சொன்னேன். இருக்கைக்குப் பின்னால் குறுக்காக எரிவாயு உருளை படுத்திருக்கிறது. மீதியுள்ள இடத்தில் ஒரு பெட்டி நுழையலாம், மடக்கிய நாற்காலி நுழையாது. அடுத்தடுத்துப் பார்த்த இரண்டு வண்டிகளிலும் அப்படியே.

அக்டோபர் 24

விஜயதசமி. சீலோம் சாலையில் மாரியம்மன் ஊர்வலம் என்பதால் அந்தப் பக்கம் போகாது என்று ஓட்டுநர் கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டினார். கோயிலுக்குப் போக வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. பேச்சுவாக்கில், அந்தக் கோயிலுக்கு இங்கே வழங்கும் பெயரான "வாட் கேக்" என்றேன், அவ்வளவுதான். என் வாயிலிருந்து எந்த ஓட்டுநரும் இரண்டாம் முறை கேட்காமல் புரிந்துகொண்ட ஒரே பெயர் அது. "கேக்" என்றால் விருந்தாளி என்று பொருள். இங்கே நம்மவர்களையும் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். வண்டிக்குள் இருந்தபடியே கும்பிட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 25

வாடகைக்கு எடுத்த நாற்காலியை அறைக்குக் கொண்டுவந்து, மடக்கி, அளந்தேன். அகலம் 30 சென்டிமீட்டர். டிக்கியை மறந்துவிடலாம். முன் இருக்கையைப் பின்னால் தள்ளிச் சாய்த்து அவரை உட்கார வைத்தால், ஓட்டுநருக்குப் பின்னால் நாற்காலி நிற்கும். எஞ்சிய ஓரத்தில் நான் ஒடுங்கி உட்காரலாம். விடுதி வாசலில் நின்ற ஒரு வண்டியில் ஏற்றியே பார்த்துவிட்டேன். ஓட்டுநர் இறங்கி வந்து சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துணியால் துடைத்து, கதவை மெல்லச் சாத்தி, சாத்த முடிகிறது என்று காட்டினார்.

பச்சை மஞ்சள் வண்டி. எண்ணை எழுதி வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 26

நாளை காலை 10 மணி. மருத்துவமனைச் சீட்டின் பின்பக்கத்தில் இந்த விடுதியின் முகவரியை எழுதித் தரச் சொன்னேன். இத்தனை நாளும் திரும்பும் வழிக்குச் சீட்டே தேவைப்படவில்லை. "ஓன் நுட்" என்று நான் சொன்னால் போதும். நாளை என் வாய் சொல்லாமல் போகலாம்.