நான் கையெழுத்துப் போடாத ராஜினாமா கடிதம்

மனிதவளத் துறையின் சின்ன அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தபோதே, மேஜைமேல் என் பெயரில் ராஜினாமா கடிதம் தயாராக இருந்தது. 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று அச்சடித்து, தேதியும் போட்டிருந்தார்கள். கையெழுத்துக்கு மட்டும்தான் இடம் காலி. "போட்டுவிட்டால் நல்லபடியாக அனுப்பிவைக்கிறோம். இல்லையென்றால் டெர்மினேஷன். அப்புறம் அடுத்த வேலை கிடைப்பது கஷ்டம்" என்றார் மேலாளர். கை நடுங்கியது. ஒரு நாள் டைம் கேட்டு வெளியே வந்தேன்.

அன்று இரவே தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வக்கீலைப் பார்த்தேன். "கையெழுத்துப் போட்டீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும் நிதானமாக விளக்கினார். ராஜினாமா என்றால் முடிவெடுத்தது நான் என்று ஆகிவிடும். நோட்டீஸ் காலம் என் பொறுப்பு, இழப்பீடு கேட்பது கடினம். வேலையில்லாதவர்களுக்கு உதவித்தொகை தரும் பல நாடுகளில், தக்க காரணமின்றித் தானாக விலகியவருக்கு அது கிடைக்காது அல்லது தள்ளிப்போகும். 'மிரட்டி வாங்கினார்கள்' என்று பிறகு வழக்குப் போடலாம்தான். ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும்.

நிர்வாகமே நீக்கினால் நிலைமை வேறு. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 158), தக்க காரணமின்றி யாரையும் நீக்கக் கூடாது என்கிறது. நடத்தையையோ வேலைத்திறனையோ காரணம் காட்டினால், முதலில் அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும். எல்லா நாடுகளும் அதில் சேரவில்லை என்றாலும், இதே போக்கில் சட்டம் உள்ள நாடுகள் பல.

என்னை மிரள வைத்தது 'டெர்மினேஷன்' என்ற அந்த ஒரு சொல். தவறு செய்தவரை நீக்குவதும், ஆள் அதிகம் என்று குறைப்பதும் ஒன்றல்ல என்பது அன்றுதான் புரிந்தது. என்மீது ஒரு மெமோகூட இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து, எத்தனை மணிக்கு, யார், என்ன சொன்னார்கள் என்பதை அப்படியே எழுதி மெயில் அனுப்பினேன். கடைசி வரி: 'எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணமில்லை. நிர்வாகம் என்னை நீக்க விரும்பினால் காரணத்தை எழுத்தில் தரவும்.'

மூன்று வாரம் இழுத்தது. கடைசியில் ஆட்குறைப்பு என்று கடிதம் வந்தது, நோட்டீஸ் சம்பளமும் இழப்பீடும் சேர்த்து. கணக்குத் தீர்க்கும் தாளில் மட்டும் 'சுயவிருப்பத்தின் பேரில்' என்ற சொற்கள் மறுபடி நுழைந்திருந்தன. அதைச் சுட்டிக்காட்டி, திருத்திய தாள் வந்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.