விலங்கியல் சேரும் பொன்வண்டும்

பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுது என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூன்று மாதமாகத் தொலைபேசியில் கரைச்சல் தருகிறார். கிரிக்கெட் பற்றியும் விடுதிச் சாப்பாடு பற்றியும் மற்றவர்கள் எப்படியும் எழுதுவார்கள். நான் பொன்வண்டு பற்றி எழுதுகிறேன்.

1979, ஏ.எல். (உயர்தர) வகுப்பு. கடைசி வாங்கில் நாங்கள் நாலு பேர், மேசைக்குக் கீழே நெருப்புப்பெட்டி, அதற்குள்ளே கரகரவென்று பிறாண்டிக்கொண்டு ஒரு பொன்வண்டு. விலங்கியல் வாத்தியார், எங்கள் சேர், பேசாமல் வந்து பெட்டியை வாங்கித் திறந்தார். பிரம்படிதான் என்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றோம்.

"ஆணோ பெண்ணோ?" என்றார்.

ஒருவருக்கும் தெரியாது. "விலங்கியல் படிக்கிறியள், இதுகூடத் தெரியாமல் வளக்கிறியளோ? ஒரு கிழமை வைச்சுப் பாருங்கோ." நாலாம் நாள் பெட்டிக்குள் அரிசி மணி போல முட்டைகள். ஓடிப்போய்க் காட்டினோம். "சரி, பெண். இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கே நாலு நாள் எடுத்தது. வெளியிலை பறந்து திரியிற ஆண் வண்டு எப்பிடி ஒரு நொடியிலை கண்டுபிடிக்குது?" மணம் என்றோம், நிறம் என்றோம், ஒருவன் ராசி என்றான். சேர் சிரித்துவிட்டு, "எனக்கும் தெரியாது" என்றார். ஒரு வாத்தியார் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் வாழ்க்கை எங்கெங்கோ இழுத்துப்போய் ரொறன்ரோவில் விட்டது. 2011 இலையுதிர் காலத்தில், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாகத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்த மகள் ஒரு நாள் சிரிப்பை அடக்க முடியாமல் வீட்டுக்கு வந்தாள். அங்கே பூச்சிகளின் காதலையும் இணைசேர்க்கையையும் ஆராய்ந்துகொண்டிருந்த டரில் குவின் என்ற பேராசிரியருக்கு இக் நோபல் பரிசாம். முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற பரிசு அது. எதற்கு என்று கேட்டேன். பியர் போத்தலைக் காதலித்த வண்டு பற்றி எழுதியதற்கு, அதுவும் பொன்வண்டுக் குடும்பத்து வண்டு! நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டேன்.

இடம் மேற்கு அவுஸ்திரேலியா, டொங்காரா என்ற ஊர்ப்பக்கம். காலம் 1981 செப்டெம்பர். (எங்கள் யாழ்ப்பாண நூலகம் எரிந்து மூன்று மாதம். அந்த வருடத்தை வேறு எதற்காகவும் நினைவில் வைப்பேன் என்று நினைத்திருக்கவில்லை.) குவினும் டேவிட் ரென்ட்ஸ் என்பவரும் தெருவோரம் கிடந்த குட்டை பியர் போத்தல்களில் ஆண் வண்டுகள் ஏறி இணைசேர முயல்வதைக் கண்டார்கள். இந்த இனத்தில் ஆண்தான் பறந்து தேடும், பெண் பெரிய உருவம், தரையில் இருக்கும். போத்தலில் மிச்சப் பியர் இருந்ததோ என்று பார்த்தால் இல்லை. வெட்டையில் நாலு போத்தலை வைத்தார்கள், அரை மணித்தியாலத்துக்குள் இரண்டுக்கு மாப்பிள்ளை வந்துவிட்டது. இழுத்து எடுக்கும்வரை விடவில்லை. ஒரு வண்டை எறும்புகள் கடித்துக்கொண்டிருந்தன, அப்போதும் அது போத்தலை விட்டு இறங்கவில்லை.

காரணம் இதுதான்: பளபளக்கும் மண்ணிறம், அடிப்பக்கத்தில் வெளிச்சம் பட்டு மின்னும் சின்னச் சின்னக் குமிழ்கள். பெண்ணின் செட்டையும் அப்படித்தான் இருக்கும். போத்தலோ அதைவிடப் பெரிது, அதைவிட மினுக்கம். பக்கத்தில் கிடந்த வைன் போத்தலை ஒரு வண்டும் திரும்பிப் பார்க்கவில்லை, அதன் மண்ணிறம் வேறு, குமிழும் இல்லை. ஆக, நாங்கள் நெருப்புப்பெட்டியோடு முழித்த கேள்விக்கு, அந்த ஒரு இனத்துக்காவது, விடை கண். சேர் கேள்வி கேட்டு இரண்டே வருடத்தில் யாரோ டொங்காராவில் விடையைப் பார்த்திருக்கிறார்கள், எங்களுக்கு அது வந்துசேர முப்பது வருடம்.

குவினின் மற்ற வேலை இதைவிடச் சுவை என்பேன். மோர்மன் கிரிக்கெட் என்ற அமெரிக்கப் பூச்சியில் ஆண் இணைசேரும்போது தன் எடையில் கால்வாசி அளவுக்குப் புரதப் பொதி ஒன்றைப் பெண்ணுக்குத் தின்னக் கொடுக்கும். சீதனம் கொடுப்பது மாப்பிள்ளை! அதனால் கூட்டம் பெருகித் தீனி குறைந்த இடங்களில் பெண்கள்தான் போட்டி போடும், ஆண்தான் பாரமான பெண்ணாகப் பார்த்துப் பொறுக்கும். பேர்த் நகரத்துப் பூச்சி ஒன்றில் லீ சிமன்ஸ் என்பவரோடு சேர்ந்து இன்னொன்றையும் காட்டினார், அது 1990இல் வந்தது. தீனி தாராளமாகக் கிடைத்தால் ஆண்கள் போட்டி, தீனி குறைந்தால் கொடுக்கிற ஆணுக்காகப் பெண்கள் போட்டி. ஆண் குணம் பெண் குணம் என்று ஊரில் எங்களுக்கு அடித்துச் சொன்ன பெரியவர்களை அந்தக் கட்டுரைக்கு முன்னால் இருத்திவைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு ஆசை.

மகள் கேட்டாள், அந்த வண்டு மடையனா அப்பா என்று. இல்லை பிள்ளை, பெரிது, மண்ணிறம், மினுக்கம் என்றால் பெண் என்பது ஆயிரமாயிரம் வருடமாகப் பிழைக்காத கணக்கு, போத்தல்தான் நேற்று வந்தது என்றேன். சொல்லிவிட்டுப் பார்த்தால் குரல் சேருடையது மாதிரி இருந்தது, கையைக்கூட அவரைப் போலவே பின்னால் கட்டியிருந்தேன்.

கடைசி வாங்கு நால்வரில் ஒருவன் இலண்டனில், ஒருவன் சிட்னியில். நெருப்புப்பெட்டி தன்னுடையது என்று இருவருமே சொல்லித் திரிகிறார்களாம். மலரில் அச்சாகட்டும்: பெட்டி என்னுடையது.