காலையில் எழாத பிள்ளைக்கு முந்தின சாயங்காலமே செய்ய வேண்டியவை

பள்ளி வேன் ஏழேகாலுக்கு வந்துவிடும். ஆறு மணிக்கு ஒரு குரல், ஆறேகாலுக்கு இன்னொரு குரல், ஆறரைக்கு ஃபேனை நிறுத்துவது, ஆறே முக்காலுக்குப் போர்வையை இழுப்பது. அதற்குள் வீட்டில் எல்லார் குரலும் ஏறியிருக்கும். பத்து வயதில் தானாக எழுந்து ஓடிய பிள்ளை எட்டாவது, ஒன்பதாவது வந்ததும் இப்படி ஆகிவிட்டால், சோம்பல், திமிர், ஃபோன் என்று மூன்றில் ஒன்றின் தலையில் பழியைப் போடுகிறோம். ஃபோனுக்குப் பங்கு உண்டுதான். ஆனால் முதல் காரணம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

பருவமடையும் வயதில், தூக்கம் வருவதற்கு முன்னால் உடம்பில் சுரக்கிற மெலடோனின் என்ற ஹார்மோன் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. முன்பு ஒன்பது மணிக்குக் கொட்டாவி விட்ட பிள்ளைக்கு இப்போது பத்தரை, பதினொன்று ஆகிறது. பகலெல்லாம் விழித்திருப்பதால் சேருகிற அசதியும் இந்த வயதில் மெதுவாகத்தான் ஏறுகிறது. தூக்கம் வரும் நேரம் தள்ளிப்போனதே தவிர, தேவை குறையவில்லை. 1970-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கடன் கோடை முகாம் போல நடத்திய ஆய்வில், பிள்ளைகளுக்கு இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்க வாய்ப்புக் கொடுத்தார்கள். சிறிய பிள்ளைகளும் வளர்ந்த பிள்ளைகளும் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் தூங்கினார்கள். அவ்வளவு தூங்கியும் பகலில் கூடுதலாகக் கண்ணைச் சுழற்றியது வளரிளம் பிள்ளைகளுக்குத்தான். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் சொன்ன அளவு இது: 6 முதல் 12 வயது வரை 9 - 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 - 10 மணி நேரம். கலிஃபோர்னியாவில் 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பள்ளிகள் பொதுவாகக் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம் ஊரில் வேன் வரும் நேரம் நம் கையில் இல்லை. மாற்ற முடிவது சாயங்காலத்தை மட்டும்தான்.

அதற்கு முதலில் ஒரு தாளை எடுத்துப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். வேன் 7.15 என்றால் எழுவது 6.15. எட்டு மணி நேரமாவது தூங்க 10.15-க்குள் கண் அசந்திருக்க வேண்டும். படுத்தபின் தூக்கம் பிடிக்க இருபது நிமிடம் வைத்தால் 9.55-க்குப் படுக்கையில் இருக்க வேண்டும். டியூஷன் 8.30-க்கு விட்டு 8.45-க்கு வீட்டுக்குள் நுழையும் பிள்ளைக்கு மிச்சம் எழுபது நிமிடம். அதற்குள் சாப்பாடு, குளியல், வீட்டுப்பாடம், ரெக்கார்டு நோட்டு, நண்பர்களோடு நாலு வார்த்தை எல்லாம் அடங்காது. அடங்காத கணக்கைப் பிள்ளை தலையில் கட்டிவிட்டு, 'சீக்கிரம் படு' என்றால் நடக்காது.

இடம் பண்ண மூன்று வழிகள் பெரும்பாலான வீடுகளில் சரிப்படும். பள்ளி விட்டு வந்ததும் டியூஷனுக்கு முன்னால் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில் எழுத்து வேலையை முடிப்பது முதல் வழி. ராத்திரி அசதியில் முக்கால் மணி இழுக்கிற ரெக்கார்டு நோட்டு, அப்போது சீக்கிரம் முடியும். இரண்டாவது, டியூஷனுக்குப் போகும் முன்பே வயிறு நிறைய நாலு இட்லியோ தோசையோ கொடுத்துவிடுவது. திரும்பி வந்ததும் கொஞ்சம் தயிர்சாதமோ ஒரு டம்ளர் பாலோ போதும். ஒன்பதரைக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குத் தூங்கு என்றால் வயிறு விடாது. மூன்றாவது கடினமானது: நன்றாகவே மார்க் வாங்கும் பாடத்துக்கும் டியூஷன் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துவது. இதைச் செய்யப் பெற்றோருக்குத்தான் தைரியம் வேண்டும்.

காபி, டீ விஷயத்தில் நம் வீடுகள் ரொம்பத் தாராளம். குடித்த கஃபீனில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஏழரை மணிக்கு டியூஷன் இடைவேளையில் குடித்த டீயில் பாதி, நள்ளிரவு தாண்டியும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். நாலு மணிக்கு மேல் காபி, டீ, கோலா, எனர்ஜி டிரிங்க் எதுவும் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி ஃபோன். வீட்டுப்பாடமே வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வருகிற காலத்தில் ஃபோனைப் பிடுங்கி வைப்பது தீர்வாகாது. பிடுங்கினால் அலமாரியில் கிடக்கும் பழைய ஃபோன் வெளியே வரும், இல்லையென்றால் தூங்கும் அம்மாவின் ஃபோனுக்கு பின் நம்பர் தெரிந்திருக்கும். நேரம் வைத்து ஒப்பந்தம் செய்வதே நிற்கும். 9.15-க்கு குரூப்பைக் கடைசியாக ஒருமுறை பார்த்து, நாளைக்கு வேண்டியதை டைரியில் எழுதிக்கொள்வது, 9.30-க்கு ஃபோன் ஹாலில் சார்ஜில் போவது. அதே இடத்தில் அப்பா, அம்மா ஃபோன்களும் இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனை இல்லாத வீட்டில் ஒப்பந்தம் ஒரு வாரம் தாண்டுவதில்லை. 'அலாரத்துக்கு வேணுமே' என்ற காரணத்துக்கு இடம் கொடுக்காமல் முந்நூறு ரூபாய்க்குள் ஓர் அலாரக் கடிகாரம் வாங்கி வையுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங்கில் பெட்டைம் மோடு இருக்கிறது. நேரம் குறித்துவிட்டால் திரை கறுப்பு வெள்ளையாகி, அழைப்புகளும் அடங்கிவிடும். ஐஃபோனில் ஸ்கிரீன் டைமுக்குள் டவுன்டைம். இதையெல்லாம் ராத்திரி பத்து மணிச் சண்டையின் நடுவில் பேசாதீர்கள். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து எல்லாரும் சாவகாசமாக இருக்கும்போது பேசுங்கள். நேரத்தைப் பிள்ளையே சொல்லட்டும். 9.45 என்று கேட்டால் பத்து நாளைக்கு ஒத்துக்கொண்டு பாருங்கள்.

பெரும்பாலானோர் சறுக்குவது அடுத்த கட்டத்தில். பன்னிரண்டு மணிக்குத் தூங்கிப் பழகிய பிள்ளையை ஒரே நாளில் பத்து மணிக்குப் படுக்க வைத்தால் இரண்டு மணி நேரம் புரண்டுகொண்டுதான் இருக்கும். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய ஓரிரண்டு மணி நேரம்தான் மூளை மிகவும் விழிப்பாக இருக்கிற நேரம். அதனால் படுக்கும் நேரத்தைத் தொடுவதற்கு முன் காலையில் எழும் நேரத்தை நிலைப்படுத்துங்கள். எழும் நேரம் 6.15 என்றால் ஏழு நாளும் அதையொட்டியே இருக்கட்டும், ஞாயிறு மட்டும் 7.15 வரை விடலாம். பிறகு படுக்கும் நேரத்தை மூன்று நாளைக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். பன்னிரண்டிலிருந்து பத்துக்கு வர எட்டுப் படிகள், ஏறக்குறைய மூன்றரை வாரம். நடுவில் ஒரு ஞாயிறு பதினொரு மணி வரை தூங்கவிட்டால் அன்றிரவு தூக்கம் வராது, திங்கள் காலை பழைய கதை தொடங்கிவிடும். மத்தியானம் கண் சொக்கினால் இருபது முப்பது நிமிடம் தூங்கட்டும், ஐந்து மணிக்கு மேல் கூடாது.

எழுப்புகிற விதத்திலும் வேலை இருக்கிறது. ஃபேனை நிறுத்துவதால் வியர்வையும் எரிச்சலும்தான் வரும். உடம்பின் கடிகாரத்தை முன்னால் நகர்த்துவது வெளிச்சம். 6.10-க்கு ஜன்னல் திரையை விலக்குங்கள், விடியாத மார்கழி மாதம் என்றால் டியூப்லைட்டைப் போடுங்கள். அலாரக் கடிகாரம் கை எட்டாத தூரத்தில், மேசை மேல் இருக்கட்டும். அலாரம் அடித்த பிறகு ஒரே ஒரு தடவை, "ஆறேகால் ஆச்சும்மா, எழுந்து உக்காரு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். எழுந்த முதல் கால் மணி, அரை மணி மூளை மந்தமாகவே இருக்கும். அப்போது கேட்கும் கேள்விக்கு முறைப்புத்தான் பதில். கணக்குப் பரீட்சை மார்க், நேற்று மடிக்காத துணி எல்லாம் சாயங்காலத்துக்கு. முகம் கழுவியதும் பத்து நிமிடம் மொட்டைமாடியிலோ வாசலிலோ நிற்கட்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையை அதற்கென்றே கொடுத்துவிடலாம். வேனை விட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். டவுன் பஸ் பிடித்துப் போகும் வயதென்றால் அதில் போகட்டும், தாமதத்துக்கான காரணத்தைப் பள்ளியில் தானே சொல்லட்டும். கத்தாமல் இதை நடத்துவது கஷ்டம்தான், ஆனால் எழுவது தன் பொறுப்பு என்று பிள்ளைக்கு உறைப்பது இப்படித்தான்.

பத்தாவது, பன்னிரண்டாவது வந்தால் எழும் அடுத்த பேச்சு: 'நாலு மணிக்கு எழுந்து படிச்சாதான் மனசுல நிக்கும்.' ஒன்பது மணிக்கே தூக்கம் வந்துவிடும் பிள்ளைக்கு இது பொருந்தலாம். பதினொன்றரைக்குப் படுக்கும் பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பினால் மிஞ்சுவது நாலரை மணி நேரம். கனவு வரும் தூக்கம் பெரும்பாலும் இரவின் கடைசிப் பகுதியில் வருவது. நாலு மணி அலாரம் வெட்டி எறிவது அதைத்தான். முந்தின நாள் படித்தது நினைவில் படிவதும் தூக்கத்தில்தான். அரசுப் பொதுத் தேர்வு காலை பத்து மணிக்குத்தான் தொடங்குகிறது. ஆறு மணிக்கு எழுந்தாலே ஒரு மணி நேரம் திருப்பிப் பார்க்க இடம் இருக்கிறது. புதிய பாடத்தைச் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டரைக்குள் படிக்கட்டும், மனப்பாடப் பகுதியைப் படுக்கும் முன் ஒருமுறை ஓட்டட்டும்.

ஒரு மாதம் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் பகலில் தூங்கி வழிந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். சத்தமான குறட்டை, வாயால் மூச்சுவிடுவது, காலைத் தலைவலி இருந்தால் டான்சிலோ மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கலாம். பெண்பிள்ளை என்றால் ஹீமோகுளோபின் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். 2019 - 21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிடித்த விளையாட்டு, நண்பர்கள் எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் படுத்தே கிடந்தால், அதைத் தூக்கப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

கோடை விடுமுறையில் எப்படியும் எல்லாம் கலைந்துதான் போகும். ஒரு மணிக்குப் படுத்து பத்து மணிக்கு எழுவதை அந்த மாதத்தில் தடுக்கப் போராட வேண்டாம். ஜூனில் பள்ளி திறக்கும் தேதி தெரிந்ததும் மூன்று வாரம் பின்னால் எண்ணி காலெண்டரில் ஒரு வட்டம் போடுங்கள். அன்றிலிருந்து எழும் நேரத்தை இரண்டு நாளைக்கு அரை மணி வீதம் முன்னால் கொண்டுவாருங்கள், படுக்கும் நேரம் அதன் பின்னாலேயே மெல்ல வரும். பள்ளி திறக்கும் திங்கட்கிழமைக்கு முந்தின நாள் இரவு தொடங்கினால், முதல் வாரம் முழுக்கக் கத்தலிலேயே போகும்.