தாரமங்கலத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டியவை

சேலத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், ஓமலூரிலிருந்து சங்ககிரி செல்லும் சாலையில் தாரமங்கலம் இருக்கிறது. அங்குள்ள கைலாசநாதர் கோயிலின் இன்றைய வடிவம் பெரும்பாலும் கெட்டி முதலிகளின் திருப்பணி. மதுரை நாயக்கர்களுக்குக் கட்டுப்பட்டு இப்பகுதியை ஆண்ட அந்தக் குறுநிலத் தலைவர்கள் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இதற்குக் கொட்டிய பொருளையும் உழைப்பையும் உள்ளே நுழைந்ததுமே உணர முடிகிறது.

வருகிறவர்களுக்கு எல்லோரும் காட்டுவது யாளியின் வாயில் உருளும் கல்லுருண்டையைத்தான். "விரலை உள்ளே விட்டுத் தள்ளிப் பாருங்க தம்பி, சுத்தும், ஆனா வெளியே வராது" என்றார் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர். உருண்டையை வெளியே செதுக்கி உள்ளே போட வழியில்லை. பற்களின் இடைவெளியைவிட அது பெரியது. ஆகவே, சிற்பி அந்த இடைவெளி வழியாகவே உளியைச் செலுத்தி, வாய்க்குள் இருந்த கல்லைச் சுற்றிலும் குடைந்து, உருட்டி, கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இணைப்பை அறுத்து விடுவித்திருக்க வேண்டும். இங்குள்ள கற்சங்கிலியும் இதே வழியில் பிறந்ததுதான். அதன் வளையங்கள் கோக்கப்பட்டவை அல்ல, ஒரே கல்லிலிருந்து பிரிக்கப்பட்டவை. வாலியின் கண்ணுக்குப் படாமல் இராமன் மறைந்து நிற்கும்படி இரு தூண்களில் அமைத்த சிற்பங்களையும் தேடிப் பார்த்தேன்.

எனினும், என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது இவற்றுக்கெல்லாம் மேலே, யாரும் கை நீட்டிக் காட்டாத உத்திரங்களும் போதிகைகளும்தான். கருங்கல்லை எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். ஆனால் இழுவிசையைத் தாங்கும் வலு அதற்கு அந்த அழுத்த வலுவில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. படுக்க வைத்த உத்திரத்தின் அடிப்புறமோ எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு கன மீட்டர் கருங்கல் 2.7 டன் அளவுக்கு எடையுள்ளது என்பதால், கூரைப் பலகைகளை ஏற்றுவதற்கு முன்பே உத்திரத்தின் சொந்த எடையே அதன் அடிப்புறத்தை இழுக்கத் தொடங்கிவிடும். இதற்கு நம் சிற்பிகள் கண்ட விடை போதிகை: தூணின் தலையில் இருபுறமும் நீண்டு, உத்திரம் தனியே கடக்க வேண்டிய தூரத்தைக் குறைக்கும் கல். சீராகப் பரவிய பாரத்தில் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், 10 அடி இடைவெளி 7 அடியாகச் சுருங்கினாலே அது ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. அவர்கள் இதைச் சூத்திரமாக எழுதி வைத்திருந்தார்களோ என்னவோ, அளவாகக் கையில் வைத்திருந்தார்கள். அந்தப் போதிகையின் நுனியிலும் வாழைப்பூப் போன்ற பூமுனையைத் தொங்கவிடாமல் அவர்களுக்கு மனம் ஆறவில்லை.

ஐரோப்பியப் பேராலயங்களின் கட்டுமானம் வேறு வழியில் போனது. 1194ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் பிரான்சில் ஷார்த்ர் பேராலயத்தை எழுப்பியவர்கள், கல்லை வளைவாக அடுக்கி இழுவிசையையே தவிர்த்துவிட்டு, வளைவு பக்கவாட்டில் தள்ளும் விசையைச் சுவருக்கு வெளியே நின்ற உதைகால்களிடம் ஒப்படைத்தார்கள். அதனால் உயரமும் ஒளியும் கிடைத்தன. நம்மவர்களுக்கு வளைவு தெரியாது என்று இதை வைத்துச் சொல்வோரிடம் எனக்கு உடன்பாடில்லை. ஹம்பியில் தாமரை மகாலையும் யானைக் கொட்டிலையும் வளைவுகளால் கட்டிய விஜயநகரத்தார், கோயில் மண்டபத்துக்கு மட்டும் தூணும் உத்திரமுமே போதும் என்று தெரிந்தேதான் வைத்துக்கொண்டார்கள். நாயக்கர் காலமும் அதையே தொடர்ந்தது.

போகிறவர்கள் மாலையில் போவது நல்லது. மேற்கு நோக்கிய கோயில் என்பதால் சாயும் வெயில் நேராக உள்ளே வரும். மாசி 9, 10, 11 நாட்களில் அது லிங்கத்தின்மீதே விழும் என்கிறார்கள். வானியல் கணக்குப்படி சூரியன் ஐப்பசித் தொடக்கத்திலும் அதே சாய்வுக்குத் திரும்பி வருவதால், அப்போதும் சில நாட்கள் ஒளி அங்கே எட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழை நெருங்கும் மாதத்தில் மேகமில்லாத மாலைக்கு யார் உத்தரவாதம் தருவது என்பதுதான் சிக்கல்.